முப்பத்தொன்பது

சனிக்கிழமை ராத்திரி எட்டரை.
மேல்விஷாரம் ஷூ கம்பெனியின் முதல் மாடியில்
நாற்பது கணினிகள், ஒரு சர்வர், நான்.
திங்கள் காலை ஒன்பதுக்குள்
எல்லாவற்றிலும் புது விண்டோஸ் ஏறியிருக்க வேண்டும்.
மிஷினுக்கு நானூறு ரூபாய் பேச்சு.
பென்டிரைவ் வேண்டாம், வயர் வழியாகவே வரும் என்றேன்.
மேனேஜர் முனவ்வர் சார்
வயரைத் தூக்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

பட்டனை அழுத்தி, எஃப் பன்னிரண்டைத் தட்டினால்
தன் வட்டை மறந்துவிட்டு எழுந்திருக்கும்.
பேர் இல்லை, ஊர் இல்லை.
தொழிற்சாலையில் பொறித்த பன்னிரண்டு எழுத்தைத் தவிர
தன்னைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.
காட்பாடி ஜங்ஷனில்
அசந்து தூங்கித் தப்பான நேரத்தில் இறங்கியவன்
பிளாட்பாரம் முழுக்கக் கேட்கக் கத்துவதுபோல்
வயருக்குள் கத்தும்:
எனக்கொரு முகவரி, யாராவது!
முதலில் பதில் சொன்னவனை நம்பிவிடும்.

வினை அங்கேதான்.
என் சர்வர் வாய் திறக்கும் முன்
வேறெவனோ பதில் சொல்லியிருந்தான்.
முகவரி கொடுத்தான்; கோப்பு எங்கே என்றால்
கையை விரித்தான்.
பதினொரு திரையில் ஒரே பிழை.
ஒன்றரை மணி நேரம்
ஒவ்வொரு வயராய்ப் பிடுங்கிச் செருகி
கடைசியில் சாம்பிள் அறை.
ஜெர்மனிக்குப் போகவேண்டிய தோல் மாதிரிகளுக்குப் பின்னால்
எண்ணூறு ரூபாய் வைஃபை டப்பா,
டிசைன் பையன்கள் கிரிக்கெட் பார்க்க ஒளித்தது.
பிடுங்கி எறிந்தேன்.
வாட்ச்மேன் ஞானமுத்து எட்டிப் பார்த்து
"ஸ்கோர் என்ன மேடம்" என்றார்.

பிறகு ஓடியது.
ஒரு துண்டு. வந்ததா? வந்தது.
அடுத்த துண்டு. வந்ததா? வந்தது.
அந்தச் சின்னக் கோப்புக்குத்தான் இத்தனை பொறுமை.
அது எழுந்து நின்றதும்
பெரியது கொட்ட ஆரம்பித்தது;
சுவிட்சின் விளக்குகள்
எண்ணெயில் விழுந்த கடுகாய்த் துள்ளின.
மதீனா, வேளாங்கண்ணி மாதா,
மொட்டை போட்ட யாரோ ஒரு குழந்தை,
குடியாத்தம் கல்யாண வரவேற்பு,
எல்லாம் போய்
மேசைக்கு மேசை ஒரே நீலம்.

இருபத்தேழு மட்டும் கத்தவில்லை.
குனிந்து பார்த்தால் கேபிள் கழற்றியிருந்தது,
ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றி,
பத்திரமாய்.
திரையில் ஒட்டிய மஞ்சள் தாள்:
"இத தொடாதீங்க மேடம். ஷஹிதா, பில்லிங்."
பாஸ்வேர்டு, எல்லா ஆபீசிலும்போல,
கீபோர்டுக்கு அடியில்.
காப்பி எடுத்து வைத்துவிட்டு அழிக்கலாம் என்றுதான் திறந்தேன்.
ஒரே ஒரு கோப்பு. பேர்: ஓ.டி. நிஜம்.

சாலம்மா, விளாப்பாக்கம், அறுபத்தொரு மணி.
மும்தாஜ் பீ, புதுப்பாடி, நாற்பத்தெட்டு.
தயாவதி, ராசாத்துபுரம், எழுபது.
தையல் லைன் நான்கு முழுக்க,
தேதி வாரியாக, ராத்திரி எட்டுக்கு மேல் எத்தனை என்று.
"கொடுத்தது" என்ற கட்டத்தில்
கீழே இறங்க இறங்க பூஜ்யம்.
சர்வரிலும் ஓ.டி. கோப்பு ஒன்று இருக்கிறது,
பத்து நிமிஷம் முன்னால் நானே நகர்த்தினேன்.
அதில் இந்தப் பேர்கள் எல்லாம்
ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிருந்தன.

கொஞ்ச நேரம் ஏசி சத்தத்தைக் கேட்டேன்.
ஞானமுத்து கொண்டுவந்த டீ ஆறிப்போனது.
கணினியை அணைத்தேன்.
ரப்பர் பேண்டை இருந்தபடியே போட்டேன்.
சர்வர் பட்டியலில் தேடி
அந்தப் பன்னிரண்டு எழுத்தை மட்டும் எடுத்தேன்.
இனி யாராவது வயரைச் செருகி
எத்தனை தரம் அது கத்தினாலும்
என் சர்வர் பதில் சொல்லாது.
ரிப்போர்ட்டில் எழுதினேன்:
எண் 27, நெட்வொர்க் கார்டு பழுது.
உதிரிபாகம் வர ஒரு வாரம் ஆகும்.
கூலி: முப்பத்தொன்பதுக்கு மட்டும்.

ஞாயிறு விடியலில் ஸ்கூட்டியில் திரும்பும்போது
பாலாற்றுப் பாலத்தின் மேல் பெட்ரோல் ரிசர்வுக்கு வந்தது.
கீழே மணல், மணலில் நாய்கள்.
ஷஹிதாவின் நம்பர் என்னிடம் இல்லை.

திங்கள் மத்தியானம் முனவ்வர் சார் போன்:
"அந்த ஒண்ணு எப்பம்மா?"
"பார்ட் வரல சார்."